யானைத் தலை ஏன் கத்தரிக்காய் ஆனது?

போன இதழில் நான் குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால் நூலில் பின்னிய யானைக்குட்டி பொம்மையின் படம் வந்தாலும் வந்தது, இந்த மாதக் கடிதமெல்லாம் பொம்மை, பொம்மை, பொம்மை. பிளவுஸ் கைக்கு லேஸ் கேட்டவர்களும் மேசை விரிப்பு கேட்டவர்களும் கோபிக்காமல் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*அக்கா, வணக்கம். என் அக்கா மகளின் முதல் பிறந்தநாளுக்கு யானை பின்ன ஆரம்பித்தேன். குரோஷே எனக்குப் புதிது. வீடியோவில் உருண்டையாக வரும் தலை, எனக்குக் கத்தரிக்காய் மாதிரி நீண்டு, ஒரு பக்கம் சாய்ந்தும் இருக்கிறது. மூன்று முறை பிரித்துவிட்டேன். கை ராசி இல்லையோ?*
— வாசகி, செந்தூல்

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். என் முதல் யானையும் இதே ஜாதிதான். கை ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கணக்கு தவறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வகைப் பொம்மைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் அமிகுருமி. அமி என்றால் பின்னல், நூயிகுருமி என்றால் பஞ்சு அடைத்த பொம்மை, இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். எந்த மிருகமானாலும் உருண்டையும் குழாயும்தான். உருண்டை வசப்பட்டால் யானையும் வரும், முயலும் வரும்.

உருண்டையின் கணக்கு இது. முதல் வளையத்தில் 6 கண்ணி. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12. மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணியில் ஒன்று தனியாக, அடுத்ததில் இரண்டு, 18. அடுத்து இரண்டு தனியாக, மூன்றாவதில் இரண்டு, 24. அதற்கடுத்து மூன்று தனியாக, நான்காவதில் இரண்டு, 30. எந்தச் சுற்றிலும் ஆறு இடத்தில்தான் பெருகும். ஆறுக்கு ஒன்று குறைந்தாலும் அந்தப் பக்கம் இழுக்கும், தலை சாயும். சுற்றுக்கு ஆறு பெருகாமல் இரண்டு மூன்றோடு நின்றால் அகலம் வராது, நீளம்தான் வரும். உங்கள் கத்தரிக்காயின் ஜாதகம் இதுதான். படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன், தெரிந்த பாதியில் 13 கண்ணி இருக்கிறது. 30 இருக்க வேண்டிய சுற்றில் 26தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கே தொலைகிறது தெரியுமா? சுற்றின் தொடக்கத்தில். இது சுருளாக ஏறும் பின்னல், ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் படியோ முடிச்சோ இருக்காது. எனவே ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் வேறு கலரில் ஒரு நூல் துண்டைச் செருகி வையுங்கள். நான் அலுவலகக் காகிதக் கிளிப் போடுகிறேன். குறியை எட்டியதும் எண்ணுங்கள், சரியாக இருந்தால் மட்டும் மேலே போங்கள். மகளைப் பார்க்க ஃபெரியில் பட்டர்வொர்த் போகும்போது பின்னுவேன், ஒரு கடப்புக்கு இரண்டு சுற்றுதான் வரும். பக்கத்தில் உட்கார்ந்த சீனப் பாட்டி "என்ன முணுமுணுக்கிறாய், மந்திரமா?" என்று மலாயில் கேட்டிருக்கிறார். மந்திரமேதான், இருபத்து மூன்று, இருபத்து நான்கு.

30 வந்த பிறகு பெருக்காமல் ஐந்து சுற்று. அப்புறம் வந்த வழியே இறக்கம்: 24, 18, 12, 6. குறைக்கும்போது இரண்டு கண்ணியின் முன்பக்க இழையை மட்டும் கொக்கியில் எடுத்து ஒன்றாகப் போடுங்கள். முழுக் கண்ணியைக் கோத்தால் குமிழ் மாதிரி மேடு தெரியும்.

முதல் வளையம் கையில் நிற்காமல் நழுவுகிறதா? ஆரம்பத்தில் எல்லோருக்கும் நழுவும். இரண்டு சங்கிலி போட்டு, கொக்கியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் ஆறையும் குத்திவிடுங்கள். நடுவில் சின்ன ஓட்டை இருக்கும், அதைத் தும்பிக்கை மறைத்துவிடும்.

*டீச்சர், என் முயலின் உடம்பெல்லாம் ஓட்டை ஓட்டையாக, உள்ளே இருக்கும் பஞ்சு தெரிகிறது. பாட்டி வீட்டுப் பழைய தலையணையின் இலவம்பஞ்சைத்தான் அடைத்தேன். நூல் லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தது, அதைத்தான் வாங்கினேன்.*
— மாணவி, சுங்கை டுவா

முதலில், நான் டீச்சர் இல்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவுப் பணியில் தூக்கத்தை விரட்டத்தான் இந்த ஊசியைத் தொட்டேன்.

லேபிளில் இருக்கும் அளவு சட்டைக்கும் சால்வைக்கும். பொம்மை இறுக்கமாக வர வேண்டும், அதனால் ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. குறைத்து வாங்குங்கள். 4 என்று போட்டால் நான் 2.5 எடுப்பேன். முதல் நாள் விரல் வலிக்கும். வலித்தால் நிறுத்துங்கள், பரீட்சையா என்ன?

இலவம்பஞ்சை எடுத்துவிடுங்கள். எங்கள் தோட்டத்து லயத்திலும் எல்லாத் தலையணையும் இலவம்பஞ்சுதான், எனக்கும் அதன் மேல் ஆசை உண்டு. ஆனால் அந்த இழை குட்டையானது, வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. பின்னல் இடுக்கில் மெல்ல மெல்ல வெளியே வரும், மூக்கில் ஏறும். பாலியெஸ்டர் பஞ்சு வாங்கி, சின்னச் சின்னதாகப் பிய்த்து, சாப்ஸ்டிக்கின் மொட்டை முனையால் தள்ளுங்கள். போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு கைப்பிடி போகும்.

இன்னொன்று. உங்கள் முயல் உள்பக்கம் வெளியே தெரியும்படி இருக்கிறது. வெளிப்பக்கத்தில் வரிசையாக 'வி' எழுத்து தெரிய வேண்டும், உங்களுடையதில் குறுக்குக் கோடு தெரிகிறது. மூடுவதற்கு முன் சாக்ஸைத் திருப்புவது போலத் திருப்பிவிடுங்கள். வலது கைக்காரர்கள், கிண்ணம் மாதிரி நிற்கும் பின்னலின் தங்களுக்குக் கிட்டத்து விளிம்பில் பின்னினால் வெளிப்பக்கம் தானாகச் சரியாக வரும். தூரத்து விளிம்பில் பின்னுவதால்தான் இப்படி ஆகிறது.

*பழைய இங்கிலாந்துப் புத்தகம் ஒன்றில் டபுள் குரோஷே என்று இருந்தது. யூடியூபில் டபுள் குரோஷே கற்றுக்கொண்டு அப்படியே போட்டேன். பூனை வரவில்லை, மீன் வலை வந்தது.*
— பாயான் லெப்பாஸ்

உங்கள் மேல் தப்பே இல்லை. அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதை இங்கிலாந்துக்காரர்கள் டபுள் என்பார்கள். நீங்கள் பார்த்தது அமெரிக்க வீடியோ, அவர்களுடைய டபுள் உயரமானது. உங்கள் புத்தகத்தில் டபுள் என்று வரும் இடமெல்லாம் வீடியோவின் சிங்கிளைப் போடுங்கள். பூனை வந்துவிடும்.

*எனக்கு 64 வயது. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். பேத்திக்காகக் கற்றுக்கொள்ள ஆசை. இடது கைக்காரன் வேறு. காப்பிக்கடையில் உட்கார்ந்து பின்னினால் சிரிப்பார்களோ?*
— பட்டர்வொர்த்

ஐயா, சிரிப்பார்கள். ஒரு வாரம் சிரிப்பார்கள், அப்புறம் தங்கள் பேரப்பிள்ளைக்கும் ஒன்று கேட்பார்கள். கடலோரத்தில் ஆண்கள் உட்கார்ந்து வலை முடிவதைப் பார்த்து யாராவது சிரித்ததுண்டா?

இடது கைக்கு எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போல. நாங்கள் சுற்றுகிற திசைக்கு எதிர்த் திசையில் நீங்கள் சுற்றுவீர்கள், எண்ணிக்கை மாறாது. கற்றுத் தருபவரின் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்காருங்கள், கை அசைவு நேராகப் பொருந்தும்.

*எட்டு மாதக் குழந்தைக்குக் கரடி பின்னியிருக்கிறேன். பூட்டு வைத்த பிளாஸ்டிக் கண்கள் பாதுகாப்பானவை என்று கடையில் சொன்னார்கள். வைக்கலாமா?*
— தாய், கிள்ளான்

வைக்காதீர்கள். மூன்று வயதுக்குக் கீழே எந்தக் குழந்தைக்கும் வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். மகள் வழிப் பேத்திக்கு ஒரு வயது இருக்கும்போது 8 மி.மீ. கண் வைத்து ஒரு யானை கொடுத்தேன். கண்ணைப் பின்னால் பூட்டும் வாஷரை டக் டக் என்று இரண்டு தடவை அழுத்தி, இழுத்தும் பார்த்தேன், அசையவில்லை. மூன்றாம் வாரம் பிள்ளை மூடிய கையோடு தவழ்ந்து வருகிறாள். விரலைப் பிரித்தால் உள்ளே கறுப்பாக யானைக் கண், வாஷரோடு. பூட்டு கழலவில்லை. அந்த இடத்துப் பின்னலைப் பிள்ளை நாள்பூராவும் சப்பி இழுத்ததில் ஓட்டை விரிந்து, கண் முழுசாக வெளியே வந்துவிட்டது. வாயில் போடுவதற்கு முன் பார்த்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் அத்தனை வருடம் வேலை பார்த்தவள் செய்கிற காரியமா அது என்று மகள் கேட்டாள். பதில் சொல்ல வாய் இல்லை.

கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள். தூங்குகிற கண்ணாக ஒரு வளைகோடு போட்டால் இன்னும் அழகு. மூக்குக்குப் பொத்தான், கழுத்துக்கு மணி எதுவும் வேண்டாம். காதையும் காலையும் ஓரம் முழுக்கச் சுற்றித் தைத்து, நூல் முனையை உடம்புக்குள் நாலு தடவை திசை மாற்றி இழுத்து விடுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்குக் கண் வைப்பவர்களும் பூட்டுவதற்கு முன் பஞ்சைத் தற்காலிகமாக அடைத்து, குண்டூசியால் இடம் பாருங்கள். பூட்டினால் கழற்ற முடியாது. பஞ்சு அடைத்ததும் கண் இரண்டும் விலகிப் போய், மீன் மாதிரி முழிக்கிற முயல் ஒன்று என் அலமாரியில் இன்னமும் இருக்கிறது.

*பள்ளியில் ஜூ நெகாரா அழைத்துப் போனார்கள். வந்ததிலிருந்து மகன் தாப்பிர் பொம்மை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கடையில் கிடைக்கவில்லை. கறுப்பு வெள்ளை எப்படி மாற்றுவது?*
— வங்சா மாஜு

உங்கள் மகனை எனக்குப் பிடித்துவிட்டது. எல்லோரும் கரடி கேட்கிறார்கள். கரடியைவிட, குட்டித் தும்பிக்கை மாதிரி மூக்கோடு நம் காட்டில் இருக்கிற தாப்பிரைப் பின்னலாமே!

மூக்கிலிருந்து தொடங்கித் தோள் வரை கறுப்பு, அங்கிருந்து பின்பக்கம் முடியும்வரை வெள்ளை. நாலு காலும் கறுப்பு, தனியாகப் பின்னித் தைப்பது. காது கறுப்பு, நுனியில் மட்டும் ஒரு வெள்ளை வரி. பலர் பின்பக்கத்தையும் கறுப்பாக்கி மூன்று பட்டையாகப் போட்டுவிடுகிறார்கள், அது தாப்பிர் இல்லை. ஆக உடம்பில் நிறம் ஒரே ஒரு தடவைதான் மாறுகிறது, பயப்படாதீர்கள். கறுப்பின் கடைசிக் கண்ணியை முக்கால்வாசி போட்டு, கொக்கியில் இரண்டு இழை நிற்கும்போது வெள்ளையை எடுத்து உள்ளே இழுங்கள். அடுத்த கண்ணி சுத்த வெள்ளையாகப் பிறக்கும். மாறும் இடத்தில் படி மாதிரி ஓர் ஏற்றம் விழும். அந்தப் பக்கத்தையே வயிறாக வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு நூலை ராத்திரி எடுக்காதீர்கள், கண்ணி தெரியாது. பகலில் ஜன்னல் ஓரம், மடியில் வெள்ளைத் துண்டு விரித்துப் பின்னினால் ஓட்டைகள் வெளிச்சமாகத் தெரியும். முதல் பொம்மைக்கே தாப்பிர் என்றால் கொஞ்சம் துணிச்சல்தான். வெளிர் மஞ்சளில் ஓர் உருண்டை போட்டுப் பழகிவிட்டுப் போங்கள். தாப்பிர்க் குட்டிகள் வேறு மாதிரி, பழுப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும். அதைக் கேட்டால் தூங்குவது போல நடித்துவிடுங்கள்.

*தீபாவளிக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தோழியின் கடையோரம் மேசை போட்டு பொம்மை விற்கலாம் என்று இருக்கிறேன். உள்ளங்கை அளவு யானைக்கு என்ன விலை வைக்கலாம்? 15 ரிங்கிட் என்றால் அதிகம் என்கிறார்கள்.*
— பூச்சோங்

யார் சொல்வது? அவர்களைப் பின்னச் சொல்லுங்கள்.

நீங்கள் புதியவர், ஓர் யானைக்கு எட்டு மணி நேரமாவது ஆகும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு எட்டு ரிங்கிட் சொச்சம். உழைப்பு மட்டும் 64 ரிங்கிட்டைத் தாண்டுகிறது, நூல், பஞ்சு, கண் தனி. அந்த விலைக்கு மேசையோரம் யாரும் வாங்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் 15 என்று வைத்தால் அடுத்து வருகிற பெண்ணுக்கும் அதுதான் விலை ஆகிவிடும். ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் இருக்கிறது, கடைக்கு வருகிற குரோஷே பொம்மையோ யாரோ ஒருத்தர் கையால் போட்டதுதான். பத்து ரிங்கிட்டுக்குத் தொங்குகிற அந்தப் பொம்மைக்கு அவர் கையில் என்ன கிடைத்திருக்கும் என்று நான் கணக்குப் போடப் போய், ராத்திரித் தூக்கம் போனதுதான் மிச்சம்.

நீங்கள் கேட்டது விலை, அதைச் சொல்கிறேன். முழு யானை மேசையில் வேண்டாம், ஆர்டருக்கு மட்டும், 60க்குக் குறையாமல். மேசையில் ஒரு மணி நேரத்தில் முடிகிற சாவிக்கொத்து உருண்டைகள், லட்டு, குட்டி மாங்காய் மாதிரி வையுங்கள், 12 ரிங்கிட்.

நான் விற்பதில்லை. கேட்பவர்களை, "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வாங்க, சொல்லித் தருகிறேன்" என்று கூப்பிடுவேன். இந்த வருடம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி இப்போது முயல் பின்னுகிறாள். இன்னொருத்தி கோப்பி குடித்துவிட்டு, என் முயலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.