முள் முளைத்தால் பையில் இடமில்லை

கேள்வி: எகிட்னா முட்டையிடும் பாலூட்டி என்று பாடத்தில் படித்துவிட்டு, ‘அப்ப நம்ம ஊர் முள்ளம்பன்றியும் முட்டை போடுமா?’ என்கிறான் என் மகன். பொரித்து வரும் குட்டியின் முள் அம்மாவைக் குத்தாதா என்றும் கேட்கிறான். விளக்குங்களேன்.
– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: முள்ளம்பன்றி எலி, அணில் கூட்டத்தைச் சேர்ந்தது, குட்டிதான் போடும். எகிட்னாவுக்கும் அதற்கும் முள்ளைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. ஆஸ்திரேலியாவிலும் நியூ கினி தீவிலும் மட்டுமே வாழும் எகிட்னாவுக்குச் சொந்தம், வாத்து போன்ற அலகுள்ள, முட்டையிடும் இன்னொரு பாலூட்டியான பிளாட்டிபஸ்தான்.

இரண்டாவது கேள்வி கேட்ட பிள்ளையை ஒரு தட்டு தட்டிக்கொடுங்கள். முட்டையிடும் சமயத்தில் தாயின் வயிற்றில் சதை மடிந்து தற்காலிகமாக ஒரு பை உண்டாகும். அதற்குள் ஒரே ஒரு முட்டை. ஓடு தோல்போல மெத்தென்று இருக்கும். 10 நாளில் பொரித்து வரும் குட்டிக்கு ரோமமும் இல்லை, முள்ளும் இல்லை. எடை அரை கிராம்கூடத் தேறாது. தாய்க்கு முலைக்காம்பு கிடையாது. பைக்குள் இரண்டு இடங்களில் தோல் வழியே பால் கசியும்; குட்டி அதை உறிஞ்சி வளரும். ஏழெட்டு வாரத்தில் முள் அரும்பும். அதோடு பை வாசம் முடிந்தது! தாய் அதை வளைக்குள் விட்டுவிட்டு இரை தேடக் கிளம்பிவிடும். சில நாட்களுக்கு ஒரு முறை திரும்பி வந்து பால் கொடுக்கும்.

அடிலெய்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கங்காரு தீவில் ஓர் எகிட்னாவைக் கிட்டே நின்று பார்த்தேன். நுனி கறுத்த வெளிர்மஞ்சள் முட்கள். இடையிடையே பழுப்பு ரோமம். எங்களைக் கண்டதும் அது ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நாலு காலாலும் மண்ணைப் பறித்து, லிஃப்ட் இறங்குவதுபோல நேராகக் கீழே போனது. கொஞ்ச நேரத்தில் முதுகு முட்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. பின்னங்கால் பாதங்கள் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும். அவற்றில் ஒரு விரல் நகம் மட்டும் நீளம். முட்களுக்கு நடுவே விட்டுச் சொறிந்துகொள்ள அதுதான் வசதி.

அந்தத் தீவின் எகிட்னா ஒன்றின் பைக்குள்தான், அடிலெய்டு அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜெர்மானியர் வில்ஹெல்ம் ஹாக்கே 1884இல் கைவிட்டு முட்டையைக் கண்டெடுத்தார்.

முட்டையிடுவதால் இதை ‘முழுசாக வளராத பாலூட்டி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. பல் இல்லை, ஆனால் 17 செ.மீ. நாக்கை நீட்டிக் கறையான் புற்றையே காலி செய்துவிடும். வெயில் கடுமையானால் மூக்கிலிருந்து சளிக் குமிழி விடும். குமிழி உடைந்து மூக்கு நுனி நனைய, அந்த ஈரம் காய்கையில் ரத்தம் குளிரும். உடல் சூடு 32 டிகிரி செல்சியஸ் அளவில்தான், நம்மைவிடக் குறைவு. குளிர்ப் பகுதிகளில் மாதக்கணக்கில் உறங்கும். காப்பகங்களில் 40 வயதைத் தாண்டியும் வாழ்ந்திருக்கிறது. இதில் எது குறை?

ஆஸ்திரேலியாவில் சொந்தக்காரர் யாராவது இருந்தால், பையனுக்கு ஒரு 5 சென்ட் காசு கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் இருப்பது எகிட்னாதான்; நகங்களைக்கூட எண்ணிப் பார்க்கலாம்.