சுந்தரலிங்கத்துக்கு ஒரு பூங்கா

கேள்வி: வவுனியா கச்சேரியடியில், ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வன்னி மன்னன் பண்டாரவன்னியனுக்குச் சிலை இருக்கிறது. அதே வவுனியாவின் உறுப்பினராக 1947 இல் நாடாளுமன்றம் சென்று, சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்து மலையகத் தமிழருக்காகப் பதவியைத் தூக்கி எறிந்தவர் ‘அடங்காத் தமிழர்’ சி. சுந்தரலிங்கம். அந்தச் சுதந்திர வீரருக்கு ஒரு நினைவுப் பூங்காவாவது அமைக்கக் கூடாதா? இன்றைய அரசியல்வாதிகளுக்கு அது பாடமாக இருக்குமே? — வாசகர், ஓமந்தை.

பதில்: அமைக்கலாம், அமைக்கத்தான் வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒற்றை வரியை மட்டும் கருங்கல்லில் வெட்டி, சுற்றிவரச் செவ்வரத்தை நட்டுவிட்டுப் போவதாக இருந்தால், அந்தப் பூங்காவுக்கு இந்தப் பக்கத்தின் ஆதரவு கிடையாது.

முதலில் ‘சுதந்திர வீரர்’ என்ற பட்டத்தைக் கழற்றி வைப்போம். உரும்பிராயில் 1895 இல் பிறந்து, ஒக்ஸ்ஃபோர்ட்டில் படித்து, சிவில் சேவை உத்தியோகத்தை உதறி, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த அவரை, வவுனியா வாக்காளர்கள் சுயேச்சை வேட்பாளராகவே வெல்ல வைத்தார்கள். தெரிவு செய்யப்படும் 95 ஆசனங்களில் 42 ஐ மட்டும் பெற்றிருந்த ஐக்கிய தேசியக் கட்சி, ஆட்சி அமைப்பதற்குச் சுயேச்சைகளைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. டி. எஸ். சேனநாயக்க அமைத்த அந்த அமைச்சரவையின் இரண்டு தமிழர்களும் நமது பக்கத்து உறுப்பினர்களே என்பதை வன்னியில் இன்று எத்தனை பேர் அறிவார்களோ தெரியாது: வவுனியாவின் சுந்தரலிங்கம் வர்த்தக அமைச்சர், மன்னாரின் சி. சிற்றம்பலம் தபால், தொலைத்தொடர்பு அமைச்சர்.

பதவியைத் தூக்கி எறிந்த கதைக்கு வருவோம். 1948 ஆகஸ்டில் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான மக்களை நாடற்றவர்களாக்கப் போகும் அந்தச் சட்டமூலத்துக்கு, இந்த இரு அமைச்சர்களும் ஆதரவாகவே கை உயர்த்தினார்கள். அன்று அதை எதிர்த்து நின்றவர் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம். நான்கு மாதங்கள் கழித்து, டிசம்பரில், அதே மக்கள் பிரசாவுரிமை பெறுவதற்குக் கடும் நிபந்தனைகள் விதித்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டமூலம் வந்தபோது காட்சி தலைகீழாக மாறியிருந்தது. இடையில் அமைச்சராகிவிட்ட பொன்னம்பலம் அரசாங்கத்தின் பக்கம் நின்றார். அமைச்சராக இருந்த சுந்தரலிங்கம் வாக்களிக்காமல் சபையை விட்டு எழுந்து போனார். பிரதமர் விளக்கம் கேட்டார். விளக்கம் கொடுத்துப் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க வழி இருந்தது. அவர் பதவி விலகலையே கொடுத்தார்.

அந்த டிசம்பர் மாதம் கல்லில் வெட்டப்பட வேண்டிய மாதம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆகஸ்டை மறைத்துவிட்டு டிசம்பரை மட்டும் வெட்டினால், அதை வாசிக்கப் போகிறவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு, காந்தீயம் போன்ற அமைப்புகளின் துணையோடு வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வன்னியின் வாக்காளர்கள். பூங்கா வாங்கில் இருந்து கச்சான் கொறிக்கும் அந்தப் பிள்ளையின் பாட்டனுடைய குடியுரிமை எந்த வாக்கெடுப்பில் பறிபோனது, அதில் இந்தத் தொகுதியின் உறுப்பினர் எந்தப் பக்கம் இருந்தார் என்பதை அதே பூங்கா மறைக்குமானால், அது நினைவுப் பூங்கா ஆகாது. இன்றைய அரசியல்வாதிகளுக்குப் பாடம் வேண்டும் என்கிறீர்களே. பிழையாக வாக்களித்த ஒருவர் அதே ஆண்டுக்குள் நாற்காலியை விட்டு எழ முடியும் என்பதைக் காட்டிலும் அவர்களுக்கு உறைக்கும் பாடம் வேறு என்ன இருக்கிறது? முழுக்கதையைச் சொன்னால்தான் அந்தப் பாடமும் கிடைக்கும்.

இன்னொரு ஆண்டும் இருக்கிறது. உங்கள் கடிதம் அதைத் தொடவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் வழிபடுவதற்கு ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் சென்றபோது, வாசலில் நின்று அவர்களை மறித்தவர்களின் முன்னணியில் இருந்தவர் இதே பேராசிரியர்தான். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்கும் நடந்தது. ‘வயது போன காலத்துப் பிடிவாதம்’ என்று அதைத் தள்ளிவிடச் சிலர் முயல்வார்கள். தமிழருக்குத் தனி அரசு வேண்டும் என்று மற்றவர்கள் பேசத் தயங்கிய காலத்திலேயே பேசிய அதே பிடிவாதத்தை மட்டும் கொள்கை உறுதி என்று கொண்டாடுவோமாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சாதியின் பெயரால் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்டதால் வன்னிக் குடியேற்றத் திட்டங்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் பல. அவர்களின் வரியிலும் இந்தப் பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்றப்படும்.

அப்படியானால் கல்லில் என்ன எழுதுவது? ஒட்டுசுட்டானுக்கு அருகே கச்சிலைமடுவில், கற்பூரப்புல்வெளியில், ஆங்கிலேயர் நாட்டிய நடுகல் ஒன்று இருந்தது. இவ்விடத்தில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான், 31 ஒக்டோபர் 1803 என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. புகழ்ச்சி கிடையாது, கவிதை கிடையாது. வென்றவர்கள் தமது பெருமைக்கு வைத்த கல். இடம், பெயர், திகதி, நடந்தது என்ன என்ற நான்கும் அதில் இருந்த ஒரே காரணத்தால், தோற்றவனைத் தேடி நமது சனம் தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்லடிக்குப் போனது. சுந்தரலிங்கத்துக்கும் அந்த அளவு போதும்: 1948 ஆகஸ்ட், 1948 டிசம்பர், 1968, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. இதே வவுனியா வாக்காளர்கள் 1960 மார்ச்சில் அவரைத் தோற்கடித்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். அது வாக்காளரின் கணக்கு.

பூங்காவைப் பற்றியும் சில சொற்கள். குளத்து அலைகரையில் கிரவல் கொட்டி நிரப்பி அதன்மேல் பூங்கா போடும் யோசனை எவருக்காவது இருந்தால், இப்போதே கைவிடட்டும். புல்தரையும் வேண்டாம். வைகாசி முதல் ஆவணி வரை வன்னி வெயில் எப்படி எரிக்கும் என்பது ஓமந்தைக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடிதண்ணீருக்கே குழாய்க்கிணறு வற்றும் மாதங்களில் புல்லுக்கு இறைக்கச் சொன்னால் எந்தச் சபையும் இரண்டாம் வருடம் கைவிட்டுவிடும். மருது, பாலை, வீரை, நாவல் நட்டால் முதல் சில கோடைகளுக்கு மட்டும் வாளியால் ஊற்றினால் போதும், பிறகு அவை தம்மைப் பார்த்துக்கொள்ளும். சிலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு வாசிப்புக் கொட்டில் போட்டு, மேற்சொன்ன இரண்டு வாக்கெடுப்புகளும் நடந்த நாட்களின் ஹன்சாட் (நாடாளுமன்ற உரைப் பதிவு) பக்கங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கண்ணாடிக்குள் வையுங்கள். திறப்பு விழாக் கல் ஒன்று எப்படியும் வரும். அதைத் தடுக்கும் வல்லமை எனக்கில்லை. பிரதம அதிதியின் பெயர் சுந்தரலிங்கத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையையாவது சபைத் தீர்மானத்திலேயே எழுதுவித்துக் கொள்ளுங்கள்.