கண்ணகி பேசும் இடங்கள்

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்தில் சிலப்பதிகாரத்தைப் பெண்ணிய நோக்கில் படித்தோம். பாதிப் பேர் கண்ணகியைக் கணவனுக்காகவே வாழ்ந்து அழிந்த அடிமை என்றார்கள். மீதிப் பேர் அரசனை எதிர்த்து நின்ற புரட்சிப் பெண் என்றார்கள். மூத்த உறுப்பினர் ஒருவரோ, பழைய காப்பியத்தின்மீது இன்றைய கொள்கையைத் திணிக்கிறோம் என்று வருந்தினார். சிறு வயது முதல் நேசித்த நூலை இனி எப்படிப் படிப்பது? - ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வட்டத்தின் இரு தரப்பாரும் ஒரே செயலைத்தான் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இருவருமே கண்ணகிக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண் பாத்திரத்தை முன்னால் நிறுத்தி, அவள் தேறுகிறாளா தவறுகிறாளா என்று பார்ப்பது, கற்பை உரைகல்லாகக் கொண்டிருந்த பழைய வாசிப்பின் வழக்கம். கற்பின் இடத்தில் துணிச்சலை வைத்துவிட்டால் மட்டும் அது பெண்ணிய வாசிப்பு ஆகிவிடாது. அவள் எங்கே பேசுகிறாள், யாரிடம் பேசுகிறாள், எந்த இடத்தில் அவளுக்குச் சொல் தரப்படவில்லை என்று வரிகளுக்குள் தேடிப் பாருங்கள்.

மனையறம் படுத்த காதையில் கோவலன் அவளை 'மாசறு பொன்னே, வலம்புரி முத்தே, காசறு விரையே, கரும்பே, தேனே' என்று அடுக்கிப் புகழ்கிறான். தமிழில் இதைவிட இனிய புகழுரை அரிது. ஆயினும் பொன், முத்து, மணம், கரும்பு, தேன் ஆகிய அனைத்தும் அணியவும் நுகரவும் உரியவை என்பதையும், அவ்வளவு நீண்ட புகழுக்கு அவளிடமிருந்து ஒரு சொல்கூட மறுமொழியாக வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த மௌனத்தைக் கவனித்தவர்களுக்குத்தான் கொலைக்களக் காதையின் உரையாடல் முழு எடையோடு கேட்கும். சிலம்பை விற்கப் புறப்படும் முன், நான் எழுக என்றதும் எழுந்து வந்தாயே, என்ன செய்துவிட்டாய் என்று கோவலன் இரங்குகிறான். அறவோர்க்கு அளித்தலும் விருந்தினரை எதிர்கொள்ளுதலும் தான் இழந்தவை என்று அவள் எண்ணிச் சொல்கிறாள். தன் துயரை மறைத்த பொய்ச் சிரிப்பைக் கண்டு அவனுடைய பெற்றோர் உள்ளம் வருந்தியதைச் சொல்கிறாள். பிறகு 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்', அதாவது போற்றத் தகாத நடத்தையை மேற்கொண்டீர், என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தன் மாறாத உள்ளத்தால்தான் உடன் எழுந்து வந்ததாக முடிக்கிறாள். மூன்றே சொற்களில் ஆன இந்தக் கண்டிப்பு அடிமையின் வாயில் வருவது அன்று. அதே மூச்சில் அவள் தன்னை அவனோடு பிணைத்துக்கொள்வதால் புரட்சி என்றும் அதை அழைக்க முடியாது. இரண்டுக்கும் இடையில் அவள் நிற்கும் அந்த இடத்தைத்தான் நாம் படிக்க வேண்டும். 'தேரா மன்னா' எல்லார் நினைவிலும் இருக்கிறது. 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' அவ்வாறு நிற்கவில்லை. அரசனை ஒரு பெண் கேட்பதைப் போற்றிய நாம், கணவனை அவள் கேட்டதை ஏன் மறந்தோம் என்பதை உங்கள் வட்டம் விவாதிக்கலாம்.

மாதவிக்கு நேர்ந்ததும் இதுவே. கானல் வரியில் கோவலன் பாடினான், அவளும் பாடினாள். அவள் பாட்டில் வேறொருவன் இருப்பதாக நினைத்து அவன் பிரிந்தான். பின்னர் வழியில் அவளுடைய கடிதத்தைப் படித்ததும், 'தன் தீது இலள்' என்றும் 'என் தீது' என்றும் அவனே உணர்கிறான். நூல் விடுவித்துவிட்ட பெண்ணைப் பேச்சு வழக்கில் நாம் இன்றும் குற்றவாளியாகவே வைத்திருக்கிறோம். பெண் வாசகரும் ஆணின் பக்கம் நின்று, தம்மைப் போன்றவர்களுக்கே எதிராக வாசிக்கப் பழக்கப்படுகிறார்கள் என்று பெண்ணியத் திறனாய்வாளர் ஜூடித் ஃபெட்டர்லி அமெரிக்கப் புனைகதைகளை முன்வைத்து 1978இல் எழுதினார். மாதவியை நாம் நினைவில் வைத்திருக்கும் விதத்துக்கும் அது பொருந்தும்.

உங்கள் மூத்த உறுப்பினரின் வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மேலே காட்டிய சொற்களில் எதையும் நாம் வெளியிலிருந்து கொண்டு வரவில்லை. எல்லாம் இளங்கோவின் சொற்கள். பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர் என்பதைக் காப்பியம் உணர்த்தும் உண்மைகளுள் ஒன்றாக, நூலின் முகவுரையான பதிகமே அறிவிக்கிறது. பெண்களைப் பற்றிய ஒரு நிலைப்பாட்டை நூலே எடுத்திருக்கும்போது, அதைப் பற்றிக் கேட்பது திணிப்பு ஆகாது.

நேசம் போய்விடுமோ என்ற உங்கள் அச்சம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. மாதவியின் கடிதப் பகுதியை நிதானமாகப் படித்த பிறகு, அந்நூலின்மீது எனக்கு முன்பைவிட மதிப்பு கூடியது. அதனோடு உடன்பட முடியாத இடங்களும் கூடின. இரண்டையும் நான் ஒருசேர வைத்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு மதுரை எரியும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூத்தவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிடுமாறு கண்ணகி தீக்கு ஆணையிடுகிறாள். அவ்வளவு பெரிய சினத்திலும் பெண்களுள் ஒரு பகுதியினர் மட்டுமே விலக்குப் பெறுகிறார்கள். அடுத்துவரும் அழற்படு காதையில், ஆடரங்கை இழந்த நாடக மடந்தையர், ஊரைத் தீக்கு இரையாக்கிய இவள் எந்த நாட்டினள், யார் மகள் என்று கேட்கிறார்கள். மாதவியின் குலத்தைச் சேர்ந்த அந்தப் பெண்களின் குரலில் வியப்பு இருக்கிறதா, அச்சம் இருக்கிறதா என்று அந்த வரிகளில் தேடுங்கள்.