பழைய சான்ட்ரோவுக்குப் பச்சைக் கூலண்டா, சிவப்பா?

பல்லடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மூன்று மாதத்துக்கு முன்பு புரோக்கர் மூலமாக 2008 மாடல் சான்ட்ரோ ஜிங் பெட்ரோல் வண்டி வாங்கினேன். ரிசர்வ் டேங்கில் வெளிர் பச்சையாகக் கூலண்ட் இருக்கிறது, மாதத்துக்குக் கொஞ்சம் குறைகிறது. மெக்கானிக் சிவப்பு ஊற்றச் சொல்கிறார். ஸ்பேர்ஸ் கடையில் பச்சைதான் சரி என்கிறார்கள். எதை ஊற்றுவது? மற்றபடி வண்டி சூடாவதே இல்லை. அரை மணி நேரம் ஓட்டினாலும் சூடு காட்டும் முள் 'சி' (குளிர்) கோட்டை விட்டுக் கொஞ்சம்தான் ஏறுகிறது."

இப்போதைக்கு இரண்டையும் ஊற்றாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது. முழுவதையும் வடித்துவிட்டு, சுத்தமான தண்ணீரில் கழுவி, உங்கள் வண்டிக்குரிய பாஸ்பேட் வகைக் கூலண்டைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். அது பச்சையாக இருந்தாலும் சரி, சிவப்பாக இருந்தாலும் சரி.

நிறம் வெறும் சாயம். என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் என்பது எத்திலீன் கிளைக்கால், தண்ணீர், துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து, இவ்வளவுதான். வண்டிக்கு வண்டி மாறுவது அந்த மருந்து. ஐரோப்பிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் சிலிக்கேட் சேர்ந்தது, கொரிய, ஜப்பானிய வண்டிகளுக்குப் பாஸ்பேட் சேர்ந்தது. எந்த மருந்துக்கு எந்த நிறம் என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி கிடையாது. ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொரு கம்பெனியின் பச்சையும் உள்ளுக்குள் வேறு வேறாக இருக்கலாம். கேனைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் முழுக்க நிறமும் பளபளப்பும், உள்ளே என்ன மருந்து என்பது பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில், பல கேன்களில் அதுவும் இல்லை. காசு கொடுத்து வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயத்தை இப்படி ஒளித்து விற்க ஏன் விடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நீங்கள் தேட வேண்டியது ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 என்ற தர எண், கூடவே 'அலுமினியம் ரேடியேட்டருக்கு', 'பாஸ்பேட்' என்ற சொற்கள். இவை எதுவும் இல்லாத லூஸ் கேனைத் தொடாதீர்கள். சாயம் கலந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் அளந்து கொடுக்கும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

அடுத்தது தண்ணீர். பல்லடம், திருப்பூர், ஈரோடு பக்கத்து போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் ஒட்டும். பாஸ்பேட் வகைக்கு இது இன்னும் மோசம். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு பாஸ்பேட் சேர்ந்து மாவு போலப் படியும். அதனால் டிஎம் வாட்டர், அதாவது உப்பு நீக்கிய தண்ணீர் மட்டும்தான். பேட்டரிக் கடையில் 'பேட்டரி தண்ணி' என்று பொதுவாகக் கேட்டால் சில இடத்தில் ஆசிட் கேனையே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். 'டிஎம் வாட்டர்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். வழியில் அவசரத்துக்குக் குடிதண்ணீர் பாட்டில் ஊற்றினால் ஒன்றும் ஆகிவிடாது, வீட்டுக்கு வந்து மாற்றிவிடுங்கள்.

கலப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் கான்சன்ட்ரேட்டும் உண்டு, ஏற்கெனவே தண்ணீர் கலந்த ரெடி மிக்ஸும் உண்டு. கேன்கள் ஒரே மாதிரி இருக்கும். ரெடி மிக்ஸ் பாதியே தண்ணீர். அதில் இன்னும் பாதி தண்ணீர் சேர்த்தால் கால்பங்கு கூலண்ட்தான் மிஞ்சும், துருவைத் தடுக்க அது போதாது. தண்ணீரே கலக்காமல் கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றுவதும் தப்பு. சூட்டைச் சுமந்து செல்வதில் தண்ணீர்தான் கெட்டி, கிளைக்கால் அதற்குப் பின்னால்தான். நீங்கள் கான்சன்ட்ரேட்டே வாங்குங்கள். ரேடியேட்டரின் அடியில் வடித்தாலும் என்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் கழுவிய தண்ணீர் நிறைய தங்கிவிடும். அதனால் வண்டியின் மொத்தக் கொள்ளளவை ஹேண்ட் புக்கில் பார்த்து, அதில் சரிபாதி கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றிவிட்டு, மீதியை டிஎம் வாட்டரால் நிரப்பினால் அளவு சரியாக வரும். ஹேண்ட் புக் இல்லை என்பீர்கள். பழைய வண்டி கைமாறும்போது ஆர்.சி. வருகிறது, இன்ஷூரன்ஸ் வருகிறது, அந்தப் புத்தகம் மட்டும் வருவதில்லை. புரோக்கருக்கு அது குப்பை. கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் மாடலைச் சொல்லிக் கேட்டால் அளவைச் சொல்வார்கள்.

ஊற்றுவதற்கு முன்னால் ரேடியேட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேல் டேங்க் கறுப்பு பிளாஸ்டிக்கும் நடுவில் வெள்ளி நிற அலுமினியமுமாக இருந்தால் நான் சொன்னது அப்படியே பொருந்தும். ஆனால் 15 வருடம் தாண்டிய வண்டிகளில் பலவற்றில் பழைய ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் ஒர்க்ஸில் செம்பில் நடுப்பகுதியும் பித்தளை டேங்கும் வைத்துப் பற்றவைத்ததைப் போட்டிருப்பார்கள். வெளியே கறுப்பு பெயின்ட் அடித்திருப்பதால் சட்டென்று தெரியாது. மூலையில் நாணயத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. மூட்டுகளில் ஈயப் பற்று திட்டுத் திட்டாக இருக்கும். அந்த ஈயத்துக்கு 'நீண்ட ஆயுள்' என்று விற்கப்படும், ஆர்கானிக் அமில மருந்து சேர்ந்த வகைகளில் பல ஒத்துவராது, மூட்டை மெல்ல அரிக்கும். இப்படிப்பட்ட ரேடியேட்டருக்குப் பழைய முறைக் கூலண்ட், அதாவது செம்பு, பித்தளை, ஈயப் பற்று எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று கேனிலேயே போட்டிருப்பது வேண்டும். அதை 2 வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்ற வேண்டும். 5 வருடம் வரும் என்று கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செம்பு ரேடியேட்டர் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே சூடு தணிக்கும், ரிப்பேர் செய்யவும் சுலபம். அதற்கு மருந்து வேறு, அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். முள் ஏறாதது நல்ல செய்தி இல்லை. சரியான வண்டியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு" என்று சொல்லிக் கழற்றும் மெக்கானிக்குகளை 25 வருடமாகப் பார்க்கிறேன். சுமார் 82 டிகிரி வரும்வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடியிருக்கும் அந்த வால்வு இல்லாவிட்டால் என்ஜின் எப்போதும் குளிராகவே ஓடும். என்ஜினின் கம்ப்யூட்டர் 'இன்னும் சூடாகவில்லை' என்று நினைத்துப் பெட்ரோலை அதிகமாகத் தரும், மைலேஜ் குறையும், ஆயிலில் ஈரம் சேரும். இது போக, விற்பதற்கு முன் ஏதோ ஒரு சூட்டுக் கோளாறை மறைக்கத்தான் பெரும்பாலும் வால்வைக் கழற்றுகிறார்கள். ரேடியேட்டர் ஃபேனை நேராக பேட்டரியில் கொடுத்துச் சாவி போட்டதும் சுற்ற வைத்திருப்பதும் இதே வேலைதான். அதையும் பாருங்கள்.

போன மழைக்காலத்தில் என் பட்டறைக்கு இதே போல புரோக்கரிடம் வாங்கிய ஒரு வண்டி வந்தது. ரிசர்வ் டேங்கில் கண்ணைப் பறிக்கும் பச்சை. ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டேன். கேழ்வரகுக் கூழ் மாதிரி பழுப்பாக ஒட்டியது, மஞ்சள் தூள் வாசனை அடித்தது. ஒழுகலை அடைக்க மஞ்சள் தூளைக் கொட்டிவிட்டு, வெளியே தெரியும் டேங்கில் மட்டும் புதுக் கூலண்ட் ஊற்றி விற்றிருக்கிறார்கள். வாட்டர் பம்பைக் கழற்றினால் இறக்கைகள் பாதி அரித்துப்போய் பல் போன சீப்பாக இருந்தன. நீங்களும் ரிசர்வ் டேங்கை நம்பாமல், காலையில் வண்டி ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடும்.

அந்த மூடியையும் மாற்றிவிடுங்கள், பழைய வண்டியில் கூலண்ட் குறைய முதல் காரணமே அதன் ரப்பர்தான். மேலே 0.9 அல்லது 1.1 என்று எண் இருக்கும். அது எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதற்கான கணக்கு. 0.9 மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. மூடி போய்விட்டால் எவ்வளவு உயர்ந்த கூலண்ட் ஊற்றியும் 107, 108-லேயே கொதித்து வெளியேறும். உங்கள் வண்டியில் என்ன எண் இருக்க வேண்டுமோ அதே எண்ணில் வாங்குங்கள். புது மூடிக்குப் பிறகும் குறைந்தால் ஹோஸ், வாட்டர் பம்ப், கடைசியாக ஹெட் கேஸ்கட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு) என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலையை இப்படிச் செய்யச் சொல்லுங்கள்: புது வால்வு, புது மூடி. ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, டிஎம் வாட்டர் ஊற்றி ஓட்டி வடிப்பது இரண்டு மூன்று முறை, வெளியே வரும் தண்ணீர் தெளியும் வரை. ஆசிட் கலந்த கிளீனர் எதுவும் வேண்டாம். பிறகு கூலண்டை நிரப்பி, மூடி போடாமல் என்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழ் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பல பட்டறைகளில் இதற்குத்தான் பொறுமை இருப்பதில்லை. பக்கத்தில் நின்று பாருங்கள். வடித்த பழையதைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும். அது விஷம்.

முடிந்ததும் கூலண்டின் பெயர், வகை, ஊற்றிய தேதி, மூன்றையும் ஒரு வெள்ளை டேப்பில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை யாராவது நிறத்தைப் பார்த்து ஊற்ற வந்தால் அதைக் காட்டுங்கள்.