மூன்றாவது டெய்லரை எடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

மேற்கு மாம்பலத்தில் ப்ளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். இரண்டு டெய்லர்கள், மாதச் சம்பளம். அளவெடுப்பது, வெட்டுவது, வருகிறவர்களிடம் பேசுவது, போன் எடுப்பது எல்லாம் நான்தான். ஒரு நாளைக்கு 10 ப்ளவுஸ் வெட்டுவேன், அவர்கள் ஆளுக்கு 5 தைத்துவிடுவார்கள். ஆவணி முகூர்த்த ஆர்டர்களைச் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியவில்லை. ராத்திரி பத்து மணி வரை உட்கார்கிறோம். நல்ல டெய்லர் ஒருவர் மாதம் 20,000 கேட்கிறார். எடுத்துக்கொள்ளலாமா?

ம., மேற்கு மாம்பலம்

அன்புள்ள ம.,

மாதச் சம்பளத்துக்கு இப்போது எடுக்க வேண்டாம். நல்ல தொழில்காரரைத் திருப்பி அனுப்ப மனம் வராது, புரிகிறது. ஆனால் நீங்கள் 10 வெட்டுகிறீர்கள், அவர்கள் 10 தைக்கிறார்கள். மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்தால் அவருக்கு வெட்டிக் கொடுக்கப் போவது யார்? துணி தேங்கி நிற்பது உங்கள் கட்டிங் டேபிளில்தான்.

ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள்: ஒவ்வொரு துணியும் எந்தத் தேதியில் வந்தது, என்றைக்கு வெட்டினீர்கள், என்றைக்குத் தைத்து முடிந்தது, கொக்கி வைக்க எத்தனை நாள் கிடந்தது, ஆல்டரேஷனுக்கு எத்தனை திரும்பி வந்தன. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எத்தனை முறை போன் எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். என் கணிப்பு, உங்களுக்கு முதலில் வேண்டியது போன் எடுக்க, பில் போட, கொக்கியும் ஹெம்மிங்கும் பார்க்க ஒரு உதவியாள். அதனால் நீங்கள் 14 வெட்ட முடிந்தால், அப்போது தையலுக்கு ஆள் தேடலாம்.

அப்புறம், ஆவணியில் வரும் கூட்டத்தை வைத்து ஆள் கணக்குப் போடாதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, உங்கள் கடையில் அந்த மாதங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போன ஆடி வரவை எடுத்து, வாடகை, கரண்ட், இரண்டு பேர் சம்பளம் போக என்ன நின்றது என்று பாருங்கள். அதில் இன்னொரு 20,000 தாங்குமா? வருடத்துக்கு 2,40,000, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் சேர்த்தால் 2,60,000. போனஸ் சட்டம் 20 பேர் இருக்கும் இடத்துக்குத்தான் என்றாலும், தீபாவளிக்கு எதுவும் கொடுக்காத கடையில் எந்த டெய்லரும் தங்கமாட்டார். இ.எஸ்.ஐ.க்கு 10 பேர், பி.எஃப்.புக்கு 20 பேர் என்பதால் அவை இப்போது உங்களுக்கு வராது.

தாங்காது என்றால் தீபாவளி வரை பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைக்கும் ஒவ்வொரு ப்ளவுஸுக்கும் இவ்வளவு என்ற கூலிக்கு, வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வைத்துக்கொண்டால், ஆடியில் வேலையில்லை என்று நிறுத்தும் நிலை வரலாம் என்பதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவரும் அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் திட்டமிடுகிறவர்.

ராத்திரி பத்து மணி எனக்குக் கவலையாக இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. அதற்கு மேல் இரட்டிப்புக் கூலி. இப்போது இருக்கும் இரண்டு பேருக்கும் அதைக் கொடுக்கிறீர்களா? சோர்ந்த கையில் தைத்த கழுத்து பட்டிதான் அடுத்த நாள் ஆல்டரேஷனுக்கு வரும். தேதி சொல்லும்போதே இரண்டு நாள் கூட்டிச் சொல்லுங்கள், சில ஆர்டர்களை வேண்டாம் என்றும் சொல்லலாம்.

வந்திருப்பவருக்குக் கட்டிங் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியுமென்றால் நான் சொன்னதில் பாதி மாறிவிடும், அவர் உங்கள் டேபிளில் பாதி வேலையை வாங்கிக்கொள்வார். சாதாரணக் காட்டன் துணியும் நான்கு விதமான அளவு ப்ளவுஸும் கொடுத்து, உங்கள் எதிரிலேயே வெட்டச் சொல்லிப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.