வாசகர் கேள்வி – பதில்: காவைக் காத்த சிற்பங்கள்

தக்கலை வாசகர் ஒருவர்: ஆப்பிரிக்கக் கலை என்றாலே மர முகமூடிகள்தாம் நினைவுக்கு வருகின்றன. மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை அங்குள்ள இக்காலக் கலைஞர்கள் எவ்வாறு கையாளுகிறார்கள்?

பதில்: நைஜீரியாவின் ஒஷோக்போ நகரிலிருந்து தொடங்கலாம். அந்நகரின் ஓரத்தில், ஒஷுன் ஆற்றங்கரையில், யொருபா மக்கள் ஆற்றுத் தெய்வத்துக்கு உரியதாக வணங்கும் ஏறத்தாழ 75 ஹெக்டேர் காடு இருக்கிறது. மரம் வெட்டுவோரும் நிலம் பிடிப்போரும் நெருங்கி, வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் இருந்த பழைய தடைகள் தளர்ந்துபோன காலத்தில், ஆஸ்திரியாவில் பிறந்து 1950இல் நைஜீரியாவுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட சுசான் வெங்கர், உள்ளூர்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் சேர்த்துக்கொண்டு, சிதைந்துகிடந்த வழிபாட்டிடங்களைச் செப்பனிட்டு, மண்ணாலும் சிமெண்டாலும் தெய்வ உருவங்களை மரங்களுக்கிடையே எழுப்பினார். கொத்துவேலை செய்துவந்த அடெபிசி அகஞ்சி அவ்வழியே பெயர்பெற்ற சிற்பியானார். இக்காடு கேட்பாரற்ற புறம்போக்கு அன்று என்பதை அந்த உருவங்கள் கண்ணுக்குக் காட்டின. 1965இல் காட்டின் ஒரு பகுதி தேசிய நினைவுச் சின்னமாயிற்று. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் விளையின், அதாவது தோட்ட நிலத்தின், ஒரு மூலையை நாகத் தெய்வங்களுக்கு உரிய சிறு காடான சர்ப்பக்காவாக விட்டு, அதில் கத்தி வைக்காமல் இருந்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால், நம் பக்கத்தில் சிமெண்ட் பல இடங்களில் நேர்மாறான வேலையைச் செய்கிறது. காவைப் புதுப்பிக்கிறோம் என்று மரங்களை நீக்கி, தளம் போட்டு, ஓடு பதித்து, நாகர் சிலைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திவிடுகிறோம். ஒஷோக்போவில் மரத்தை விட்டுவைத்துச் சிற்பம் செய்தார்கள் என்பதே, என் பார்வையில், அச்சிற்பங்களின் அழகைவிட முதலில் கவனிக்க வேண்டியது.

மணவாளக்குறிச்சி வாசகர் ஒருவர்: கடற்கரை மணலை அள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மண்ணிலிருந்து தோண்டி எடுப்பதைப் பற்றி ஆப்பிரிக்கக் கலைஞர்கள் எவரேனும் பேசியிருக்கிறார்களா?

பதில்: 1974இல் நைஜீரியாவின் கானோ நகரில் பிறந்த ஒட்டோபாங் என்காங்கா இதையே தம் முக்கியப் பொருளாகக் கொண்டவர். நமீபியாவின் சுமெப் நகரில் செம்புத் தாது மிகுந்து பச்சையாகத் தெரிந்த குன்று ஒன்று இருந்தது. ஜெர்மானியர் ஆட்சியில் பெரிய அளவில் தொடங்கிய சுரங்கவேலையால் குன்று போய்ப் பள்ளம் எஞ்சியது. அவ்விடத்தை நேரில் கண்ட என்காங்கா 2015இல் உருவாக்கிய பெரிய நெசவுத் திரையின் பெயரை ‘தழும்புகளின் கனம்’ எனத் தமிழில் சொல்லலாம். சுரங்க நிலங்களின் புகைப்படங்கள் அதில் வட்ட வட்டமாகப் பதிந்திருக்க, கைகால்கள் மட்டுமே உள்ள இரு உருவங்கள் அவற்றை இணைக்கும் கயிறுகளைப் பற்றி நிற்கின்றன. மைக்கா என்னும் கனிமம் மின்னும் அழகுசாதனப் பொருளின் பின்னால் எந்த ஊரின் பள்ளம் இருக்கிறது என்று கேட்கும் படைப்பையும் அவர் 2014இல் செய்தார்.

உங்கள் ஊர் மணலில் உள்ள இல்மனைட் என்னும் கனிமம், டைட்டானியம் டை ஆக்சைடு தயாரிப்பதற்கான மூலப்பொருள். ஓவியர்கள் தூரிகையில் தொட்டெடுக்கும் டைட்டானிய வெள்ளை என்பது அந்த டை ஆக்சைடுதான்.