பைத்தான் சி ஏபிஐ (சி மொழியிலிருந்து பைத்தானைக் கையாள உதவும் ஃபங்ஷன்கள்) டாக்குமெண்டேஷன் மாற்றங்களை ரிவ்யூ செய்ய சி தெரிந்திருக்க வேண்டுமா? இங்கிலீஷ் நன்றாக இருந்தால் போதாதா?

"படிக்க நன்றாக இருக்கிறது" என்று எங்காவது எழுதியிருப்பீர்கள், "சோர்ஸைப் பார்த்தீர்களா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். இல்லையென்றால் இந்தக் கேள்வி வராது. எழுத்துப்பிழைக்கும் உடைந்த லிங்குக்கும் இங்கிலீஷ் போதும். ரெஃபரன்ஸுக்கு, அதாவது ஒரு ஆப்ஜெக்ட் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்ற கணக்குக்கு, யார் பொறுப்பு என்று சொல்லும் வரிக்குப் போதவே போதாது.

நான் மொரீஷியஸில், எபேனில் வேலை பார்க்கிறேன். பைத்தானின் கோர் டெவலப்பர் எல்லாம் இல்லை, மாற்றங்களை மெர்ஜ் செய்து சேர்க்கும் உரிமையும் கிடையாது. கமெண்டில் யாராவது கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ரிவ்யூ எழுத அது தேவையும் இல்லை.

தைப்பூசக் காவடிக்கு இங்கே அரசு விடுமுறை. கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட்டுவிட்டு ஒரு புல் ரிக்வெஸ்டை (ஒருவர் செய்த மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பத்தை) திறந்தேன். லிஸ்டில் ஒன்றை வைக்கும் பைலிஸ்ட்_செட்ஐட்டம், மாட்யூலில் ஒன்றைச் சேர்க்கும் பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட் இரண்டுக்குமான விளக்கத்தை ஒரே மாதிரி ஆக்கியிருந்தார் ஒருவர்: கொடுக்கும் ரெஃபரன்ஸை ஃபங்ஷன் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. "அருமை" என்று இரண்டு பேர் ஏற்கெனவே எழுதியும்விட்டார்கள்.

சோர்ஸில் மாட்சப்போர்ட்.சி, லிஸ்ட்ஆப்ஜெக்ட்.சி ஃபைல்களைத் திறந்தால் கதை வேறு. ஆட்ஆப்ஜெக்ட், வேலை வெற்றியாக முடிந்தால் மட்டுமே ரெஃபரன்ஸை எடுத்துக்கொள்கிறது. தோற்றால் கூப்பிட்டவர்தான் பை_டெக்ரெஃப் போட்டு அதை விடுவிக்க வேண்டும். செட்ஐட்டமோ, இண்டெக்ஸ் தப்பாக இருந்தாலும் ரெஃபரன்ஸை விடுவித்துவிட்டுத்தான், தோற்றதற்கு அடையாளமான மைனஸ் ஒன்றைத் திருப்பித் தருகிறது. புது விளக்கத்தை நம்பி மாட்யூல் எழுதுபவருக்கு, விடுவிக்கப்படாமல் மெமரி தேங்கும் மெமரி லீக். பழைய ஆட்ஆப்ஜெக்ட் பழக்கத்தில் லிஸ்டுக்கும் ஒரு டெக்ரெஃப் போடுபவருக்கு, சம்பந்தமே இல்லாத இடத்தில் கிராஷ். இரண்டு ஃபைலிலிருந்தும் அந்த வரிகளை எடுத்துப் போட்டேன். 3.10ல் வந்த பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட்ரெஃப் எதையும் எடுத்துக்கொள்ளாது, 3.13ல் வந்த பைமாட்யூல்_ஆட் ஜெயித்தாலும் தோற்றாலும் எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் கோணாமல் திருத்திவிட்டார்.

இதை வருட அப்ரைசலில் எழுதினால் எங்கள் மேனேஜர், "ஒரு வரி மாற்றம்தானே?" என்கிறார். 1998ல் புது ரூபாய் நோட்டுகளில் தமிழைத் தேவநாகரிக்குக் கீழே இறக்கி அச்சடித்ததற்குத் தமிழர்கள் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்த ஊர் இது. ஒரு வரி இடம் மாறினால் என்ன ஆகும் என்று இங்கே போய் விளக்க வேண்டியிருக்கிறது! அவரும் அந்தக் காலத்தில் இங்கேதான் இருந்தார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சி தெரியாதவர்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள். எழுத வராவிட்டாலும் படிக்க வந்தால் போதும். ஃபங்ஷன் பெயரைத் தேடி, ஒவ்வொரு ரிட்டர்னுக்கு முன்னாலும் டெக்ரெஃப் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் புரியவில்லையா, "இந்த வரியை நான் சரிபார்க்கவில்லை" என்று எழுதிவிட்டு மீதியை ரிவ்யூ செய்யுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.